மருத்துவமனையின் வரவு செலவு: காப்பீட்டுப் பணம் சென்று சேரும் வழிகள்

நெசவாளி கடனாளியாவதற்கும், பயிரிடுவோன் தன் நிலத்தை ஈடு வைப்பதற்கும் உள்ள முதன்மையான காரணங்களுள் நோயும் ஒன்று என்பதைக் கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபட்டோர் அனைவரும் அறிவர். தறி பழுதானால் சில நாட்களில் சீர் செய்து கொள்ளலாம். மழை பொய்த்தால் அடுத்த பருவத்தை எதிர்நோக்கலாம். ஆனால் குடும்பத்தில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால், உழைக்கும் கை நின்று போவதோடு, பல ஆண்டுகள் சேர்த்த சிறு பொருளும் சில நாட்களில் கரைந்து போகின்றது. ஆகவேதான் மருத்துவக் காப்பீடு என்ற சொல் இன்று நம் சங்கங்களின் கூட்டங்களிலும் அடிக்கடி ஒலிக்கின்றது.

இக்கூட்டங்களில் அங்கத்தினர் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் மூன்று. சந்தா எவ்வளவு? எத்தனை ரூபாய் வரை கிடைக்கும்? எந்த மருத்துவமனைகளில் செல்லும்? இம்மூன்றும் தேவையான வினாக்களே. ஆயினும் நான்காவது வினா ஒன்று உண்டு. நம் பொருட்டுச் செலுத்தப்படும் பணம் மருத்துவமனையை எம்முறையில் சென்று அடைகின்றது என்பதே அது. கூலி கொடுக்கும் முறை மாறினால் வேலையின் போக்கும் மாறும் என்பதை நெசவாளிக்கு வேறொருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மருத்துவமனையும் இதற்கு விலக்கன்று. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

இதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தை நாம் எடுத்துக் கொள்வோம். அந்நாட்டைப் பின்பற்ற வேண்டும் என்பது நம் கருத்தன்று. மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் முறைகள் பலவும் அங்கே ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளப்பட்டன. அவற்றின் நன்மை தீமைகள் கணக்கேடுகளில் பதிவாகியுள்ளன. பிறர் செலவில் கற்றுக் கொள்வது சிக்கனமான கல்வியன்றோ?

நிலைச் செலவும் நோயாளிச் செலவும்

முதலில் மருத்துவமனையின் கணக்கேட்டைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். அதில் செலவு இருவகைப்படும். கட்டடம், கருவிகள், மின்சாரம், மருத்துவர், செவிலியர், காவலர் ஆகியோரின் சம்பளம் ஆகியவை நிலைச் செலவு. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் இது நிற்காது. மருந்து, உணவு, கட்டுத்துணி போன்றவை நோயாளிச் செலவு. இது நோயாளிகளின் தொகைக்கு ஏற்பக் கூடும், குறையும்.

விளக்கத்துக்காகக் கற்பனையான ஒரு சிறு மருத்துவமனையைக் கொள்வோம். அதன் நிலைச் செலவு மாதம் 12 லட்சம் ரூபாய். நோயாளி ஒருவருக்கு ஆகும் நேர்ச் செலவு 4,000 ரூபாய். மாதம் 200 நோயாளிகள் வந்தால், நிலைச் செலவில் ஒருவர் பங்கு 6,000 ரூபாய். ஆக மொத்தம் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஆகின்றது. நோயாளிகள் 150 பேராகக் குறைந்தால் நிலைச் செலவில் ஒருவர் பங்கு 8,000 ரூபாயாக ஏறி, ஒருவருக்கு 12,000 ரூபாய் ஆகிவிடும். மருந்தின் விலை ஏறவில்லை, சம்பளமும் ஏறவில்லை. ஆயினும் ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு ஏறிவிட்டது. ஓடாத தறிக்கும் வாடகை உண்டு என்பது போன்றதே இது. இக்கணக்கை நினைவில் வைத்துக் கொண்டால் பின் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

முன்பணச் சந்தாவின் தோற்றம்

1929-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள டல்லஸ் நகரத்தின் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜஸ்டின் ஃபோர்டு கிம்பால் என்பவர் ஒரு திட்டம் வகுத்தார். நோயாளிகள் செலுத்த இயலாமல் விட்டுச் சென்ற நிலுவைகள் மருத்துவமனையின் ஏட்டில் பெருகியிருந்தன. அவற்றுள் பள்ளி ஆசிரியர்களின் நிலுவைகளும் பல. ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் 50 சென்ட் செலுத்தினால், நோயுற்ற காலத்தில் 21 நாட்கள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம் என்று அவர் ஏற்பாடு செய்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தனர். பின்னர் நாடெங்கும் பரவிய புளூ கிராஸ் திட்டங்களுக்கு இதுவே வித்து. நோயாளிக்கு அச்சம் நீங்கிற்று. மருத்துவமனைக்கும் மாதந்தோறும் உறுதியான வரவு கிட்டிற்று. காப்பீடு என்பது நோயாளியைக் காக்கும் அளவுக்கு மருத்துவமனையையும் காக்கப் பிறந்தது என்பதை இதனால் அறிகின்றோம்.

அதே 1929-ஆம் ஆண்டில், ஒக்லஹோமா ராஜ்யத்தின் எல்க் சிட்டி என்ற ஊரில், லெபனானில் பிறந்தவரான டாக்டர் மைக்கேல் ஷாடித் விவசாயிகளைத் திரட்டி ஒரு கூட்டுறவு மருத்துவமனையை அமைக்க முற்பட்டார். பங்கு ஒன்றுக்கு 50 டாலர். மருத்துவமனை 1931-இல் திறக்கப்பட்டது. உள்ளூர் மருத்துவர் சங்கத்தார் தம் சங்கத்தையே கலைத்துவிட்டு, அவரைச் சேர்க்காமல் அதனை மீண்டும் அமைத்துக் கொண்டனர். அத்தகைய எதிர்ப்பிடையேயும் விவசாயிகளின் ஆதரவால் அம்மருத்துவமனை நிலைத்தது. இதனையொத்த நோக்கத்துடன் சியாட்டில் நகரில் குரூப் ஹெல்த் கூட்டுறவு 1947-இல் பணி தொடங்கி, 2017-இல் கைசர் பெர்மனெண்டே நிறுவனத்துடன் இணையும் வரை தனித்து இயங்கிற்று.

அந்தக் கைசர் நிறுவனத்தின் மூலமும் அறியத்தக்கது. 1933-இல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், கொலராடோ ஆற்று நீரைக் கொண்டு செல்லும் கால்வாய் வேலையில் ஈடுபட்ட தொழிலாளர்களுக்காக டாக்டர் சிட்னி கார்ஃபீல்டு 12 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றை நடத்தினார். காயமுற்றோர் வந்த பின் கட்டணம் பெறும் முறையில் அது நொடித்துப் போகும் நிலையை எய்தியது. அதன்மேல் காப்பீட்டு நிறுவனங்கள் தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் வீதம் முன்பணமாகச் செலுத்த ஒப்பின. வேலையால் நேராத பிற நோய்களுக்கெனத் தொழிலாளரும் நாளொன்றுக்கு 5 சென்ட் செலுத்தினர். மருத்துவமனை நிமிர்ந்தது. அத்துடன் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. முன்பெல்லாம் காயமுற்றோர் வந்தால்தான் வரவு. இப்போதோ காயம் நேராதிருந்தால்தான் மிச்சம். ஆகவே, வேலைத்தலத்தில் விபத்தைத் தடுக்கும் வழிகளிலும் கார்ஃபீல்டு கருத்துச் செலுத்தத் தொடங்கினார். மனிதர் மாறவில்லை, கூலி முறை மாறிற்று.

செலவைக் கணக்கிட்டுக் கொடுக்கும் முறை

1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் இரு பெரும் திட்டங்களுக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். 65 வயது நிறைந்தோருக்கான மெடிகேர் ஒன்று. ஏழைகளுக்காக மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்கார்களும் கூடிச் செலவிடும் மெடிகெய்டு மற்றொன்று. 1966 ஜூலையில் மெடிகேர் நடைமுறைக்கு வந்தபோது சுமார் 1 கோடியே 90 லட்சம் முதியோர் அதில் இடம் பெற்றனர். இனவேற்றுமை பாராட்டும் மருத்துவமனைக்கு இப்பணம் இல்லை என்று சர்க்கார் விதித்ததால், ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களிலேயே கறுப்பினத்தாருக்கும் தம் வாயில்களைச் சமமாகத் திறந்தன. பணத்துடன் சேர்த்து விதிக்கப்படும் நிபந்தனைக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கு இது சான்று.

ஆனால் பணம் கொடுக்கும் முறையில் ஒரு குறை இருந்தது. மருத்துவமனை எவ்வளவு செலவிட்டதாக நியாயமான கணக்குக் காட்டுகின்றதோ, அவ்வளவையும் மெடிகேர் கொடுத்தது. தொடக்க ஆண்டுகளில் அதற்கு மேல் நூற்றுக்கு இரண்டு வீதம் கூடுதலாகவும் கொடுத்தது. ஒரு சேலைக்கு நூலும் சாயமும் கூலியும் எவ்வளவு ஆயினும் முழுவதையும் தருவோம், மேலும் நூற்றுக்கு இரண்டு சேர்த்துத் தருவோம் என்று ஒருவர் சொன்னால் நூலைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்ற எண்ணம் எவருக்கு எழும்? மருத்துவமனைகள் புதிய கட்டடங்களை எழுப்பின. புதிய கருவிகளை வாங்கின. அவற்றுள் பல நோயாளிகளுக்கு நன்மை பயந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் மெடிகேரின் செலவு, சட்டம் இயற்றியோர் எதிர்பார்த்ததை விட மிக விரைவாக ஏறிற்று.

நோய் வகைக்கு ஒரு விலை

யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்ப்ஸன் என்னும் இருவர், நோயாளிகளை நோயின் வகைக்கும் சிகிச்சைக்கும் ஏற்பத் தொகுதிகளாகப் பிரிக்கும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தனர். நியூ ஜெர்ஸி ராஜ்யம் 1980-இல் அதனைக் கையாண்டு பார்த்தது. 1983 அக்டோபர் முதல் மெடிகேரும் அம்முறையை மேற்கொண்டது. இதன்படி, ஒவ்வொரு தொகுதிக்கும் விலை முன்னரே குறிக்கப்படும். நோயாளி மூன்று நாள் தங்கினாலும் பத்து நாள் தங்கினாலும், மிகப் பெரும் செலவு நேர்ந்த சிலரைத் தவிர, மருத்துவமனைக்குக் கிடைப்பது ஒரே தொகை. செலவு குறைந்தால் மிச்சம் மருத்துவமனைக்கு. கூடினால் நட்டமும் அதற்கே.

ஒரே ஆணையால் கணக்கு தலைகீழாயிற்று. நேற்று வரை வரவாக இருந்த ஒவ்வொரு நாளும் இன்று செலவாயிற்று. 1983-இல் மெடிகேர் நோயாளிகள் சராசரியாகச் சுமார் பத்து நாள் மருத்துவமனையில் தங்கினர். அக்காலம் படிப்படியாகக் குறைந்து இப்போது ஐந்தாறு நாளாகியுள்ளது. படுக்கையில் கிடத்திச் செய்த பல சிகிச்சைகள் அன்றே வீடு திரும்பும் புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றப்பட்டன. முதலிரண்டு ஆண்டுகளில் மருத்துவமனைகள் பல நல்ல மிச்சம் கண்டன. இதனைக் கண்ட சர்க்கார் விலை உயர்வை இறுக்கிப் பிடித்தது. பத்தாண்டின் இறுதிக்குள் அம்மிச்சம் பெரும்பாலும் தேய்ந்து விட்டது.

இம்முறையிலும் பழுது உண்டு. முற்றும் தேறாத நோயாளியையும் விரைந்து வீட்டுக்கு அனுப்பும் ஆசை தோன்றும். இலேசான நோயைக் கடுமையான தொகுதியில் எழுதும் ஆசையும் தோன்றும். ஆகவே சர்க்கார் கண்காணிப்பை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. வெளியேறிய முப்பது நாட்களுக்குள் மீண்டும் வந்து சேரும் நோயாளிகள் அளவு கடந்தால், அம்மருத்துவமனைக்கு விலையில் பிடித்தம் செய்யும் விதி 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. குறித்த விலைக்குச் சேலை வாங்கும் சங்கம் பாவின் இழையையும் சேலையின் நீளத்தையும் அளந்து பார்க்காமல் இருக்க முடியாது என்பது நம் அனுபவமும் அன்றோ?

மேற்பார்வை மருத்துவம்

இனி மூன்றாவது முறைக்கு வருவோம். அங்கே இதனை மேனேஜ்டு கேர் என்று வழங்குகின்றனர். நாம் இதனை மேற்பார்வை மருத்துவம் என்று குறிப்போம். இதில் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுப்பதோடு நிற்பதில்லை. எம்மருத்துவமனைக்குச் செல்லலாம், எச்சிகிச்சைக்கு முன் அனுமதி பெற வேண்டும், எத்தனை நாள் தங்கலாம் என்பனவற்றையும் அதுவே மேற்பார்வையிடுகின்றது. சில ஒப்பந்தங்களில், அங்கத்தினர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று தலைக்கட்டுத் தொகை மருத்துவர்களுக்கோ மருத்துவமனைக்கோ கொடுக்கப்படும். நோய் வந்தாலும் வராவிட்டாலும் தொகை அதுவே.

தலைக்கட்டு முறையை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய துணியை ஒரே தொகைக்குத் தருவதாக நெசவாளி ஒப்புக் கொள்கின்றான் என்று வைத்துக் கொள்வோம். கிழியாத துணியாக நெய்து கொடுத்தால் அவனுக்கு மிச்சம், குடும்பத்துக்கும் நன்மை. ஆனால் அவன், கிழிந்ததையே தைத்து உடுத்துங்கள் என்று சொல்லியும் மிச்சம் பிடிக்கலாம். முதல் வழி கார்ஃபீல்டு கண்ட வழி. இரண்டாம் வழி, பின்னாளில் அமெரிக்க மக்கள் இந்நிறுவனங்கள்மீது கூறிய குறைக்குக் காரணமானது.

1973-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய நிறுவனங்களுக்கு ஊக்கம் அளித்தது. 1990-க்குப் பின் முதலாளிகள் பலர் தம் தொழிலாளர்களை இவற்றில் சேர்த்தனர். மருத்துவமனைகளின் நிலை மாறிற்று. விலை குறைத்துத் தரும் மருத்துவமனையை மட்டுமே எம் பட்டியலில் சேர்ப்போம் என்று நிறுவனம் பேரம் பேசிற்று. பட்டியலில் இல்லையேல் நோயாளிகள் இல்லை. நோயாளிகள் இல்லையேல் நிலைச் செலவைத் தாங்க ஆளில்லை. எனவே மருத்துவமனைகள் விலையைக் குறைத்தன. பின்னர்ப் பேர வலிமை பெறும்பொருட்டு ஒன்றோடொன்று இணைந்தன. இணைந்தவை விலையை மீண்டும் உயர்த்தின. தனித்து நின்ற சிறு மருத்துவமனைகளே இவ்விருவர் இடையில் நெரிந்தன.

இன்று மெடிகேரிலும் இம்முறை பரவியுள்ளது. தகுதியுள்ள முதியோரில் பாதிக்கு மேற்பட்டோர் 2023 முதல் தனியார் நடத்தும் மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டங்களில் இருக்கின்றனர். சர்க்கார் தலைக்கட்டுத் தொகையை நிறுவனத்துக்குக் கொடுக்கின்றது. நிறுவனம் மருத்துவமனைக்குக் கொடுக்கின்றது. இத்திட்டங்களில் மறுக்கப்பட்ட முன் அனுமதிகளை மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மாதிரிக்கு எடுத்து ஆராய்ந்தது. அவற்றுள் நூற்றுக்கு 13 மெடிகேர் விதிகளின்படி அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டியவை என்று 2022-இல் அது அறிக்கை வெளியிட்டது. மறுப்பு ஒவ்வொன்றும் நோயாளிக்குத் தாமதம். மருத்துவமனைக்கோ மேல்முறையீடு எழுதும் எழுத்தரின் சம்பளமும், கைக்கு வராத பணமும் ஆகும்.

குறைந்த விலையை ஏற்பதா, மறுப்பதா?

இப்போது நம் கற்பனை மருத்துவமனைக்குத் திரும்புவோம். அதன் 200 நோயாளிகளுள் 100 பேர் சர்க்கார் காப்பீட்டைச் சேர்ந்தவர். சர்க்கார் தரும் விலை 9,000 ரூபாய். சராசரிச் செலவாகிய 10,000 ரூபாயைவிட இது குறைவு. அப்படியாயின் அவர்களைச் சேர்க்க மறுத்துவிடலாமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஏனைய 100 பேர் 11,000 ரூபாய் வீதம் கொடுத்தால் வரவு 9 லட்சமும் 11 லட்சமும் சேர்ந்து 20 லட்சம். செலவு, நிலைச் செலவு 12 லட்சமும் நோயாளிச் செலவு 8 லட்சமும் சேர்ந்து 20 லட்சம். வரவும் செலவும் சரி. சர்க்கார் நோயாளிகளை மறுத்தால் வரவு 11 லட்சம். செலவு 16 லட்சம். மாதம் 5 லட்சம் நட்டம். நட்ட விலை என்று எண்ணிய 9,000 ரூபாயில் நேர்ச் செலவு 4,000 போக, 5,000 ரூபாய் நிலைச் செலவைத் தாங்கி வந்தது என்பது இப்போது புலனாகின்றது. அமெரிக்க மருத்துவமனைகள், மெடிகெய்டு தரும் தொகை போதாது என்று முறையிட்டுக் கொண்டே அந்நோயாளிகளை ஏற்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

அடுத்து, மேற்பார்வை நிறுவனம் வருகின்றது. அது ஏனைய நோயாளிகளின் விலையை 10,000 ரூபாயாகக் குறைக்கின்றது. தேவையற்றவை என்று கூறி 20 பேரின் சேர்க்கையையும் தவிர்க்கின்றது. வரவு 17 லட்சம்; செலவு 19 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 2 லட்சத்து 20 ஆயிரம் நட்டம். அந்த 20 பேருக்கும் உண்மையில் படுக்கை தேவைப்படாமல் இருந்திருக்கலாம். அவர்களுக்கும் சந்தா செலுத்துவோருக்கும் இது நன்மையே. ஆயினும் மருத்துவமனையின் நிலைச் செலவு குறையவில்லை. சிக்கனத்தின் பயன் ஓரிடத்திலும் அதன் சுமை மற்றோரிடத்திலும் விழுகின்றன. இதனை உணராமல் வகுக்கப்படும் திட்டம் எதுவும் நிலைக்காது.

பெரிய மருத்துவமனைகள் இச்சுமையைத் தனியார் காப்பீட்டாளரிடம் உயர்ந்த விலை பெற்றுச் சமாளிக்கின்றன. தனியார் காப்பீட்டாளர் மருத்துவமனைகளுக்குக் கொடுத்த விலை மெடிகேர் விலையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு என்று 2022-ஆம் ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்த ராண்டு நிறுவனம் கண்டது. இது சர்க்கார் விலையால் நேரும் நட்டத்தை ஈடு செய்யவா, அல்லது பேர வலிமையால் மட்டும் விளைந்ததா என்பதில் பொருளாதார அறிஞரிடையே வழக்கு உண்டு. ஒன்று மட்டும் தெளிவு. தனியார் காப்பீடு உடையோர் அதிகமில்லாத ஏழை ஊரிலுள்ள சிறு மருத்துவமனைக்கு அவ்வழி திறந்திருக்கவில்லை.

சிற்றூர் மருத்துவமனைகள்

காப்பீடற்ற ஏழையின் கட்டணம் எவராலும் செலுத்தப்படாத நிலுவையாகும். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசர நிலையில் வருவோரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்புதல் கூடாது. நீதியான சட்டம், ஆனால் அச்செலவுக்கு அச்சட்டம் பணம் ஒதுக்கவில்லை. ஏழைகள் மிகுதியாக வரும் மருத்துவமனைகளுக்கு மெடிகேரும் மெடிகெய்டும் தரும் கூடுதல் தொகை இதனை ஓரளவே தாங்கிற்று.

2010-ஆம் ஆண்டுச் சட்டம் மெடிகெய்டை விரிவாக்க வழி செய்தது. அவ்விரிவு ராஜ்யங்களின் விருப்பத்துக்கு உரியது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 முதல் விரிவாக்கிய ராஜ்யங்களில் மருத்துவமனைகளின் வாராக் கட்டணம் கணிசமாகக் குறைந்தது. விரிவாக்காத ராஜ்யங்களில் மூடப்பட்ட சிற்றூர் மருத்துவமனைகள் மிகுதி. 2010-க்குப் பின் நாடு முழுவதிலும் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர் மருத்துவமனைகள் மூடப்பட்டன, அல்லது படுக்கைப் பிரிவை நிறுத்தின. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் மெடிகெய்டுச் செலவைப் பெரிதும் குறைக்க வகை செய்தது. அதனுடன் சிற்றூர் மருத்துவத்துக்கென ஐந்து ஆண்டுகளுக்கு 5,000 கோடி டாலரையும் ஒதுக்கிற்று.

மருத்துவமனை மூடப்பட்ட சிற்றூரில் காப்பீட்டு அட்டை உடையோரும் இருந்தனர். பிரசவ வேதனை கண்ட பெண்ணையும் டிராக்டரில் கை சிக்கிய உழவனையும் வேற்றூருக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய நிலைமை அவர்களுக்கும் வந்தது. அட்டை கையிலிருந்தும் கதவு அடைத்துக் கிடந்தால் அட்டையால் ஆவதென்ன?

இதற்கு அந்நாட்டில் கண்ட மாற்று வழிகள் இரண்டைக் குறிப்பிடுவோம். 25 படுக்கைகளுக்கு மேற்படாத, பிற மருத்துவமனைகளுக்குத் தொலைவிலுள்ள சிறு மருத்துவமனைகளுக்கு நோய் வகை விலையை விட்டு, செலவைக் கணக்கிட்டுக் கொடுக்கும் பழைய முறையையே 1997-ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் அனுமதித்தது. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் இச்சலுகை பெற்றன. சிக்கனத்துக்கு ஒவ்வாத முறை என்று கைவிடப்பட்டதே சிறியதைக் காக்கும் அரணாயிற்று. மேரிலாந்து ராஜ்யம் வேறொரு வழி கண்டது. அங்கே ஒரு பொது ஆணைக்குழு 1970-க்குப் பின் மருத்துவமனை விலைகளை நிர்ணயித்து வந்தது. 1977 முதல் மெடிகேர், மெடிகெய்டு, தனியார் ஆகிய எல்லாரும் அவ்விலைகளையே கொடுத்தனர். 2014-இல், மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஓராண்டு முழுவதற்குமான வரவை முன்கூட்டியே வரையறுக்கும் ஏற்பாடு அங்கே தொடங்கிற்று. நோயாளிகள் குறைந்தால் மருத்துவமனை நொடிப்பதில்லை. கூடினால் கொழுப்பதும் இல்லை.

நம் நாட்டுக்குப் பொருந்துவது

இவை வேற்று நாட்டுச் செய்திகள் என்று தள்ளிவிடுவதற்கில்லை. கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரான விவசாயிகளுக்காக 2003-இல் தொடங்கிய யஷஸ்வினி திட்டம், சிறு சந்தா பெற்று, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைக்குக் குறித்த விலை கொடுத்தது. தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிப் பின்னர் 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அமைந்த திட்டமும், 2018-இல் வந்த மத்திய அரசின் திட்டமும் அவ்வாறே. சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்னரே குறித்த தொகுப்பு விலை, பட்டியல் மருத்துவமனை, முன் அனுமதி ஆகிய மூன்றும் நாம் மேலே கண்டவையே. அரசு மருத்துவமனைகளும் தமிழ்நாட்டுத் திட்டத்தின் கீழ்த் தொகை பெறுகின்றன. ஆகவே அங்கு விளைந்த நன்மை தீமைகளை நாமும் எதிர்பார்த்துக் கண்காணித்தல் வேண்டும்.

தொகுத்துக் கூறின், குறையற்ற கூலி முறை என்று ஒன்று இல்லை. செலவைக் கொடுத்தால் செலவு பெருகும். நோய்க்கு விலை குறித்தால் நாள் குறையும். தலைக்கட்டாகக் கொடுத்தால் நோய்த் தடுப்பு வளரலாம், சிகிச்சை மறுப்பும் வளரலாம். எம்முறையாயினும் விலையை மிக இறுக்கினால் சிறிய மருத்துவமனை முதலில் மூடும். மிகத் தளர்த்தினால் பொது நிதி வற்றும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அளவை, பணம் கொடுப்போரும் பெறுவோரும் மட்டும் வகுத்தல் போதாது. சிகிச்சை பெறுவோரும் அக்கணக்கைப் படிக்கக் கற்றுக் கொண்டு, வாய் திறந்து பேசுதல் வேண்டும். நூல் விலையையும் கூலியையும் கொள்முதல் விலையையும் பொதுக்குழுவில் வாதித்துப் பழகிய நம் அங்கத்தினர்க்கு இது இயலாத காரியமன்று.

படிப்பு வட்டங்களில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நிலைச் செலவு, நோயாளிச் செலவு என்னும் பாகுபாட்டை உங்கள் சங்கத்தின் சாயப்பட்டறைக்கோ கிடங்குக்கோ பொருத்திக் காட்டுக.

2. நம் கற்பனை மருத்துவமனையில் சர்க்கார் விலை 9,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாகக் குறைந்தால், ஏனைய 100 பேர் எவ்வளவு கொடுத்தால் வரவும் செலவும் சரியாகும்?

3. செலவைக் கணக்கிட்டுக் கொடுத்தல், நோய் வகைக்கு விலை, தலைக்கட்டுத் தொகை ஆகிய மூன்றில் எது உங்கள் ஊர் மருத்துவமனைக்கு ஏற்றது? அதன் தீமையைத் தடுக்க எத்தகைய கண்காணிப்பு வேண்டும்?

4. உங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள பட்டியல் மருத்துவமனை எத்தனை கல் தொலைவில் உள்ளது? அது மூடப்பட்டால் அடுத்தது எங்கே?